உஷார்! ஹெட்லைட்டுக்குப் ‘பவர் பல்ப்’ மாட்டுகிறீர்களா?

35 வாட் பல்பைக் கழற்றி வைத்துவிட்டு 100 வாட் பல்ப் மாட்டிக்கொண்டு ஓடுகிற தம்பிமாரே, வெள்ளை வெளேரென்று எரிகிற எல்ஈடி மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களே, இன்றைக்கு ராத்திரி பைக்கை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அவசரம் என்பதால்தான் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன். டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கினால், வெசாக் வரைக்கும் யட்டியாந்தோட்டை ஊடாகப் போகும் ஏ7 வீதிக்கு ராத்திரி பகல் கிடையாது. கொழும்புப் பக்கமிருந்து வருகிற யாத்திரிகர் பஸ், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் அவிசாவளை, கரவனல்ல, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஹட்டனுக்கு ஏறும். கித்துல்கலையில் படகு விட வருகிற சனி ஞாயிறுக் கூட்டம் வேறு. அந்த வீதியில்தான் நம் பிள்ளைகள் பைக் ஓட்டுகிறார்கள். அதே வீதியின் ஓரத்தில்தான் நம் அம்மாமாரும் பாட்டிமாரும் நடக்கிறார்கள்.

வெளிச்சம் வேண்டும் என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. மெயின் ரோட்டை விட்டுப் பனாவத்தைக்கோ கணேபொலைக்கோ தோட்டத்துப் பாதையில் திரும்பினால், வீதி விளக்கு என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இறப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் கூடி நின்று நிலா வெளிச்சத்தையும் மறைத்துவிடும். போன மழைக்கு அரித்துப்போன கல் பாதை, திடீரென்று குறுக்கே ஓடும் காட்டுப்பன்றி, வளைவுக்கு வளைவு வாயைத் திறந்துகொண்டிருக்கும் கான். டவுனில் கடை பூட்டிய பிறகு லயத்துக்குத் திரும்புகிறவனுக்கு அந்தப் பாதையில் பயம் வராமல் இருக்காது.

அதோடு நம் பைக்குகளின் வயதையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். மறுபடி படிப்படியாகக் கதவு திறந்தது 2025இல்தான். அந்த இடைவெளியில் புதுசு வாங்க வழியில்லாமல் பழசையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டினோம். லயத்து வாசல்களில் நிற்கிற சீடி 100, டிஸ்கவர், பிளட்டினா, பல்சர் பலவற்றுக்கும் பத்து வயசு தாண்டிவிட்டது. லைட் கண்ணாடி மஞ்சள் பூத்திருக்கும், உள்ளே வெள்ளிப் பூச்சு மங்கியிருக்கும், வயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வெளிச்சம் குறையாமல் என்ன செய்யும்? குறை நியாயமானது. அதற்குத் தேடுகிற மருந்துதான் ஆளைக் கொல்லும்.

டவுனில் ஒரு கராஜில், ஒரு டிஸ்கவரின் முன்மண்டையை மெக்கானிக் பாஸ் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘டிம் எரியல பாஸ், ஹெட் மட்டுந்தான் எரியுது’ என்று சொல்லிக்கொண்டு வந்தான் பையன். உள்ளே இருந்தது 100/90 வாட் பல்ப். எங்கோ ஒரு கடையில் ‘நேரே மாட்டலாம், ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நேரே மாட்ட முடியாமல், பல்பின் தகட்டுக் காதை அரத்தால் ராவித்தான் உள்ளே தள்ளியிருந்தது. பல்பில் சொருகும் பிளாஸ்டிக் ஹோல்டர் ஒரு பக்கம் கருகி, உருகி, பின்னோடு ஒட்டிப்போயிருந்தது. பாஸ் மெதுவாக இழுத்தபோது ஹோல்டர் இரண்டாக உடைந்தது. அதில் இருந்து வந்த வயரை வளைத்துப் பார்த்தார். மேல் உறை இறுகிப்போய்க் காய்ந்த சுள்ளிபோல் முறிந்து, உள்ளே கருத்த செம்புக் கம்பி தெரிந்தது. ரிஃப்ளெக்டரில் பல்புக்கு நேர் மேலே வெள்ளிப் பூச்சு கொப்புளம் போட்டுப் புகை படிந்திருந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை கராஜ் முழுக்க நின்றது.

“பல்புக்கு ஒண்ணும் ஆகல தம்பி, அது நல்லாத்தான் இருக்கு. மத்ததெல்லாம் போச்சு” என்றார் பாஸ். அப்புறம் பெற்றோல் டேங்கைக் கையால் தட்டிக் காட்டினார். “இந்த வயர் இதுக்குக் கீழதான் ஓடுது. தெரியுமா?”

பையனுக்குத் தெரியாது. நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தியாவில் இருந்து வந்த 100, 125, 150 சீசீ பைக்குகள் பெரும்பாலானவற்றின் ஹெட்லைட் 35/35 வாட். டிம்முக்கு 35, ஹெட்டுக்கு 35. 12 வோல்ட்டில் 35 வாட் என்றால் ஏறக்குறைய 3 அம்பியர் மின்னோட்டம். அந்த 3 அம்பியருக்குத்தான் கொம்பனிக்காரன் வயரின் தடிப்பையும் சுவிட்சையும் ஹோல்டரையும் அளந்து வைத்திருக்கிறான். கார்களில் வருகிற 60/55 வாட் எச்4 பல்பை அதில் மாட்டினால் 5 அம்பியர். 100 வாட் மாட்டினால் 8 அம்பியருக்கு மேல். மின்னோட்டம் மூன்று மடங்கு ஆகும்போது வயரில் பிறக்கும் சூடும் மூன்று மடங்குதான் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அதுவும் களிம்பு ஏறிய முனை, தளர்ந்த சொருகு, டேப் சுற்றிய ஒட்டு என்று எங்கே தடை அதிகமோ அங்கேதான் அந்தச் சூடு எல்லாம் போய்க் குவியும். நமது பழைய பைக்குகளில் அப்படி ஓர் இடம் இல்லாத பைக் ஏது?

பியூஸ் காப்பாற்றும் என்று நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பியூஸ் அறுவது மின்னோட்டம் அதன் அளவைத் தாண்டினால். 8 அம்பியர் ஓடும்போது 10 அம்பியர் பியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், ஹோல்டர் உருகிக்கொண்டிருக்கும். அடிக்கடி அறுகிறது என்று 15, 20 அம்பியர் பியூஸ் போட்டவர்களும், செம்புக் கம்பியைச் சுற்றி விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோல் டேங்குக்குக் கீழே அடுப்புக்கு விறகு அடுக்கி வைத்தவர்கள்.

பெட்டரியின் கதையும் உண்டு. சின்ன பைக்குகளின் கொயில் மொத்தமாகத் தருகிற சக்தியே ஏறக்குறைய 100 வாட் அளவில்தான், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஒரு பல்பே 100 வாட்டைக் கேட்டால் மீதி எல்லாம் பெட்டரியில் இருந்துதான் போக வேண்டும். இந்தியாவில் 2017 ஏப்ரல் 1இல் இருந்து இரு சக்கர வாகனங்களின் ஹெட்லைட், எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் தானாகவே எரிய வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த வகைப் பைக்கில் லைட்டை அணைக்க சுவிட்சே இருக்காது. அதில் 100 வாட் மாட்டினால் வயர் பகலெல்லாம் வேகும். இன்னும் பழைய பைக்குகளில் ஹெட்லைட் பெட்டரியில் எரிவதே இல்லை, கொயிலில் இருந்து நேரே வருகிற ஏசி மின்சாரத்தில் எரியும். எக்ஸலேட்டரைத் திருகும்போது வெளிச்சம் கூடி, விட்டதும் மங்கினால் உங்கள் பைக் அந்த வகை. அதில் எல்ஈடி மாட்டினால் துடித்துத் துடித்து எரியும், சீக்கிரம் செத்தும்போகும். வளைவில் திரும்பும்போது அது செத்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

“எல்ஈடி கரண்ட் குறைவா இழுக்குமே, வயர் வேகாதே” என்று கேட்பீர்கள். உண்மை. பெரும்பாலான எல்ஈடி பல்புகள் 20, 25 வாட்டுக்குள்தான் இழுக்கும். அங்கே ஆபத்து உங்கள் வயருக்கு இல்லை, எதிரே வருகிறவரின் கண்ணுக்கு. நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். வயர் வெந்தால் நட்டம் மாட்டியவனுக்கு. கண் கூசி விழுகிறவர், லைட் மாட்ட வேண்டும் என்று நினைத்தே பார்க்காத இன்னொருவர்.

பல்ப்தான் வெளிச்சத்தைப் பாதைக்கு அனுப்புகிறது என்று நினைக்கிறோம். பல்ப் வெறுமனே எரிகிறது, அவ்வளவுதான். வெளிச்சத்தைப் பிடித்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுவது பின்னால் இருக்கிற ரிஃப்ளெக்டர் கிண்ணம். ஹாலஜன் பல்புக்குள் டிம்முக்கு ஓர் இழை, ஹெட்டுக்கு ஓர் இழை. டிம் இழைக்குக் கீழே கரண்டிபோல் ஒரு சின்னத் தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்ப் பக்கம் போகிற வெளிச்சத்தை அந்தத் தகடு மறைக்கும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, கீழ்நோக்கிப் பாதையில் விழும், எதிராளியின் முகத்துக்கு ஏறாது. இழை எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பிசகினாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும். இறப்பர் மரத்தில் பட்டையை வெட்டுகிற கோடு சரியான சாய்வில் இருந்தால்தான் பால் சிரட்டைக்கு வந்து சேரும், கோடு பிசகினால் எவ்வளவு பால் வடிந்தாலும் மரமெல்லாம் வழிந்து வீணாகும். பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எல்ஈடியில் மெல்லிய இழை கிடையாது. தட்டையான சில்லுகள் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், நடுவில் ஒரு தண்டு. இழை இருந்த இடத்தில் சில்லு சரியாக உட்காருவது மலிவுச் சாமானில் அபூர்வம். அப்போது வெளிச்சம் மேலேயும் பக்கத்திலேயும் சிதறும். உங்களுக்கு முன்னால் பத்து மீற்றரில் பாதை பளீரென்று தெரியும், ‘ஆகா, என்ன வெளிச்சம்’ என்று தோன்றும். அந்தப் பளீர்தான் ஏமாற்று. கிட்டத்தில் வெளிச்சம் கூடினால் கண்ணின் பாவை சுருங்கிவிடும். தூரத்தில் இருட்டில் நிற்பது முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும். 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடக்கிறான். அவனுக்குத் தேவை 50 மீற்றருக்கு அப்பால் இருப்பது. முன் டயருக்குக் கிட்ட இருக்கிற கல்லை எண்ணி என்ன பயன்?

எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். சுமார் 3,200 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணில் 6,000, 6,500 கெல்வின் நீல வெள்ளை வெளிச்சம் நேராக அடித்தால் கூச்சம் பல மடங்கு. லைட் கடந்து போன பிறகும் சில செக்கன் ஒன்றும் தெரியாது. வயசு ஏற ஏற அந்தச் சில செக்கன் நீளும். 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற ஒரு முச்சக்கர வண்டிச் சாரதிக்கு மூன்று செக்கன் கண் தெரியவில்லை என்றால், அவர் 33 மீற்றர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ஏ7 வீதியில் 33 மீற்றர் நேராகக் கிடக்கிற இடம் எத்தனை? ஒரு பக்கம் கல்மலை, மறுபக்கம் களனி கங்கைக்கு இறங்குகிற சரிவு. நடைபாதையே இல்லாத ஓரத்தில் விடிகிற நேரம் பால் வெட்டப் போகிற ஆட்கள், ரியூசன் முடிந்து இருட்டில் திரும்புகிற பிள்ளைகள். நம் ஆட்கள் நடப்பது கறுப்புக் குடையோடும் மங்கிய சாரத்தோடும். வாகனத்தில் வருகிறவர் கண் கூசித் தடுமாறும்போது வண்டி ஓரத்துக்குத்தான் ஒதுங்கும். ஓரத்தில் நிற்பது அவர்கள்.

நாட்டில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் செத்துப்போகிறார்கள். பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள், சாகிறவர்களிலும் மோட்டார் சைக்கிள்காரர்களும் நடந்து போகிறவர்களும்தான் முன்வரிசை. எல்லாச் சாவுக்கும் லைட்டைக் காரணம் சொல்ல வரவில்லை. ஆனால் இருட்டு வீதியில் இன்னும் ஓர் ஆபத்தை நாமே காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டுமா?

மழையைப் பற்றிச் சொல்லாமல் யட்டியாந்தோட்டையில் லைட்டைப் பற்றி எழுத முடியாது. இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டுகிற பக்கம் இது. தார் வீதி நனைந்தால் அது கண்ணாடி மாதிரி வேலை செய்யும். உங்கள் வெளிச்சம் வீதியில் பட்டு உங்களிடம் திரும்பாது, முன்னோக்கி வழுக்கி எதிரே வருகிறவர் கண்ணுக்கே போகும். அதனால்தான் நனைந்த வீதியில் எவ்வளவு வெள்ளை லைட் போட்டாலும் ‘வெளிச்சமே விழுதில்ல’ என்று தோன்றுகிறது, எதிராளிக்கோ கூச்சம் இரட்டிப்பாகிறது. இன்னும் கூட்டுவோம் என்று அடுத்த பல்ப் தேடுவது இந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனைக்கு ஏறினால் பனி. ஹட்டன் கொழும்பு பிரதான வீதியில் கடும் பனிமூட்டம், சாரதிகள் முன்விளக்கை எரியவிட்டு அவதானமாகச் செலுத்தவும் என்று பொலிஸார் அறிவிப்பதை வானொலியில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! முன்விளக்கை எரியவிடச் சொல்வது சரி, ஆனால் அது கீழே விழுகிற டிம்மாக இருக்க வேண்டும். மேலே சிதறுகிற வெளிச்சம் பனித்துளியில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிய மாதிரி இருக்கும். சுவருக்கு அப்பால் லொறியா, வளைவா, மண் சரிந்து கிடக்கிறதா, எதுவும் தெரியாது.

கடைக்காரர்கள் சொல்லாத இன்னொன்று ரப்பர் கவர். ஹெட்லைட்டின் பின்னால் பல்பைச் சுற்றி ஒரு ரப்பர் கவர் இறுக்கமாக மூடியிருக்கும், தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் இருக்க. எல்ஈடியின் பின்பக்கத்தில் சூட்டைத் தணிக்க அலுமினியக் கட்டையோ குட்டி ஃபேனோ இருப்பதால் அந்தக் கவர் மூடாது. சிலர் அதை வெட்டி ஓட்டை பெரிதாக்குகிறார்கள், சிலர் கழற்றி எறிந்தே விடுகிறார்கள். நம் மழையில் ஒரு மாசம் ஓடினால் போதும், உள்ளே நீராவி கட்டி, வெள்ளிப் பூச்சு உரிந்து, ஹெட்லைட்டே கெட்டுவிடும். மூடி வைத்தால் ஃபேனுக்குக் காற்றில்லாமல் எல்ஈடி வெந்து மங்கும். இரண்டு பக்கமும் அடி.

பெட்டியில் அச்சடித்திருக்கிற எண்களையும் நம்பாதீர்கள். 20,000 லூமன் என்று போட்டிருக்கும். நல்ல எல்ஈடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் சுற்றில் தரும். 20 வாட் இழுக்கிற பல்ப் 2,000 லூமனைத் தாண்டுவதே பெரிய காரியம். சர்வதேச அளவுகோலின்படி எச்எஸ்1 என்கிற 35/35 வாட் பைக் பல்ப் ஹெட்டில் 825 லூமன், டிம்மில் 525 லூமன். அந்த 525ஐ ஒழுங்காகப் பாதையில் இறக்கினால் நம் வேகத்துக்கு அது போதும்.

வெளிநாட்டில் எல்லாரும் எல்ஈடிதானே போடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: கொம்பனியே எல்ஈடிக்காகச் செய்த ஹெட்லைட் வேறு, ஹாலஜன் கிண்ணத்துக்குள் எல்ஈடியைத் திணிப்பது வேறு. பிரிட்டனில் 2021 ஜனவரியில் இருந்து, ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் எல்ஈடி மாட்டிய கார் வருடாந்தப் பரிசோதனையில் தேறாது என்று பரிசோதகர்களின் கைநூலிலேயே எழுதிவிட்டார்கள். ஜெர்மனியில் 2020இல்தான் ஒஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்ஈடி ஒன்றுக்கு முதல் அனுமதி கிடைத்தது. அதுவும் எல்லா வாகனத்துக்கும் இல்லை. எந்த வாகனம், எந்த ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலில் இருப்பதற்கு மட்டும். அங்கே அப்படி என்றால், பெயரே இல்லாத பெட்டியில் வருகிற பல்பை ‘எல்லா பைக்குக்கும் சரி’ என்று இங்கே விற்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சரி, மங்கல் லைட்டை என்னதான் செய்வது? காசு குறைவான இடத்தில் இருந்து தொடங்குவோம். ஹாலஜன் பல்புக்குப் போகிற வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பெட்டரியில் எரிகிற லைட் என்றால் கராஜில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓட, லைட் எரிய, பெட்டரியில் ஒருதரம், பல்ப் ஹோல்டரில் ஒருதரம். இரண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உங்கள் வெளிச்சம் வயரில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது. களிம்பு ஏறிய முனைகளைச் சுரண்டித் துடைத்து, எர்த் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி முடுக்கி, ஹெட்-டிம் சுவிட்சின் உள்ளேயும் சுத்தம் செய்தால், பழைய பல்பே புதுசு மாதிரி எரிவதைப் பார்ப்பீர்கள். கொயில் லைட் என்றாலும் இந்தச் சுத்தம் எல்லாம் பொருந்தும்.

பல்ப் பழசானால் உள்ளே கண்ணாடி கறுத்து வெளிச்சம் குறையும். மாற்றுங்கள், ஆனால் அதே 35/35 வாட்டில், தரமான பெயரில், வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்ததாகப் பாருங்கள். காது ராவாமல், தானாகவே அமர்ந்து பூட்ட வேண்டும். மஞ்சள் பூத்த கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றலாம். ரிஃப்ளெக்டரின் வெள்ளி உரிந்துவிட்டதென்றால் முழு ஹெட்லைட்டையும் மாற்றுவதைத் தவிர வழி இல்லை. செத்த ரிஃப்ளெக்டருக்கு முன்னால் எந்தப் பல்பும் உதவாது.

அப்புறம் சாய்வு. இதை ஒருவரும் பார்ப்பதில்லை, பார்ப்பதற்குக் காசும் இல்லை. சமதரையில் பைக்கைச் சுவருக்கு 10 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்து, பைக்கை நேராகப் பிடித்து, ஹெட்லைட்டின் நடு எவ்வளவு உயரம் என்று இன்னொருவரை அளக்கச் சொல்லி, அதே உயரத்தில் சுவரில் சோக்குக் கோடு போடச் சொல்லுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீற்றராவது கீழே இருக்க வேண்டும், 25க்கு மேல் இறங்கவும் கூடாது. கோட்டுக்கு மேலே ஏறினால் நீங்கள் எதிராளியின் கண்ணில்தான் அடிக்கிறீர்கள். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமர்ந்து முன்லைட் மேலே தூக்கும். மனைவி, பிள்ளை, அரிசி மூட்டை என்று ஏற்றிக்கொண்டு போகிற பைக்கில் வெற்றுப் பைக்குக்கு வைத்த சாய்வு சரிவராது. ஆளை ஏற்றியே அளந்து பாருங்கள்.

பம்பர் கம்பியில் மாட்டுகிற குட்டி வெள்ளை-மஞ்சள் லைட்டுகள் இப்போது பைக்குக்குப் பைக். ஹெட்லைட்டுக்குச் சொன்னது எல்லாம் அவற்றுக்கும் சேரும். துடிக்கிற வகையாக இருந்தால் இன்னும் மோசம், பைக் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை எதிரே இருப்பவரால் கணிக்கவே முடியாது. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு சேர்த்து, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மாட்டியிருந்த மேலதிக லைட்டுகளையும் அலங்காரங்களையும் பொலிஸார் கழற்ற வைத்தது நினைவிருக்கும். அன்றைக்குச் சங்கங்கள் கோபப்பட்டன. என்னைக் கேட்டால், கண்ணில் அடிக்கிற லைட்டைக் கழற்றச் சொன்னது சரி. விபத்தென்று வந்துவிட்டால், தூக்கிக்கொண்டு ஓடுவது கரவனல்ல ஆதார வைத்தியசாலைக்கு. அதற்குப் பிறகு காப்புறுதிக்காரர் வந்து, கொம்பனி மாட்டாத பல்ப் ஒன்று உள்ளே இருப்பதைப் பார்த்தால் நட்டஈட்டுக்கு இழுபறி வரலாம். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கராஜ் வைத்திருக்கிற அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள். பையன் பல்பைக் கையில் கொண்டுவந்து ‘இதைப் போட்டுத் தாங்க’ என்று நின்றால் காதை ராவிப் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் வார்த்தையைத்தான் அவன் கேட்பான், என் எழுத்தைக் கேட்கமாட்டான். தோட்டத்து இளைஞர் மன்றங்கள் நினைத்தால் ஒரு ஞாயிறு பின்னேரம் கோயில் முன்றலில் சுவரும் சோக்குமாக எல்லா பைக்கையும் சாய்வு பார்த்துவிடலாம். பருவகாலம் தொடங்கும் முன் செய்தால் நல்லது.

ஏற்கெனவே மாட்டியவர்கள் கழற்றுங்கள். எரிந்த சூடு ஆறிய பிறகு கை வையுங்கள். புது ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம், கைப்பிசுக்குப் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறிப் பல்ப் வெடிக்கலாம். சுத்தமான துணியால் அடியில் பிடித்து மாட்டுங்கள். ரப்பர் கவரை வெட்டி எறிந்திருந்தால் புதுசு வாங்கி இறுக்கமாக மூடுங்கள். பியூஸ் பெட்டியைத் திறந்து கொம்பனி சொன்ன அளவு பியூஸ்தானா என்று பாருங்கள். ஹோல்டர் பழுப்பேறியிருந்தாலோ, வயர் வளைக்கும்போது இறுகி நின்றாலோ, அந்த இரண்டையும் மாற்றும் வரைக்கும் அந்த பைக்கை ராத்திரியில் வெளியே எடுக்காதீர்கள்.